காற்றுப் பெட்டியின் கதவு

கோயம்புத்தூரில் கணபதி என்ற பகுதியில் ஒரு குரு இருக்கிறார். வயது முப்பத்தாறு. அவருடைய சீடருக்கு வயது ஐம்பத்தொன்று.

இதைக் கேட்டதும் சிலர் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு வரட்டும், கதை காத்திருக்கும்.

குருவின் பெயர் நாகமணி. எலக்ட்ரானிக்ஸ் படித்த பெண். ஆறு வருடம் ஒரு பந்தயக் கார் அணியில் இஞ்சின்களை அளந்து கொண்டிருந்தார். பிறகு சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டார். கொட்டகையின் நடுவே ஓர் உருளை மேடை. வண்டியை அதன்மேல் ஏற்றிக் கட்டி நின்ற இடத்திலேயே ஓடவிட்டால், இஞ்சினுக்கு எத்தனை ஹெச்.பி. என்று திரையில் கோடு போட்டுக் காட்டிவிடும். அந்த மேடைக்கு முன்னால் யாரும் வாய்ச் சவடால் விட முடியாது.

சீடரின் பெயர் திருமூர்த்தி. பொள்ளாச்சியில் இருபத்தெட்டு வருடம் மெக்கானிக். கார்புரேட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். அங்கே அவருக்கு வேலை குறையவில்லை. ஆனால் புது மாதிரி வண்டிகளின் பானெட்டைத் திறந்தால் பாதி புரியவில்லை. புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்ட அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

ஐம்பது தாண்டிய மனிதர், தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரிடம் போய், "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க, சொல்லிக் குடுங்க" என்று நின்றாரே, அதற்கே அவரை ஒரு தடவை கையெடுத்துக் கும்பிடலாம். நான் கும்பிட்டிருக்கிறேன்.

பொள்ளாச்சியில் அவருக்கு ஒரு பட்டப் பெயர் உண்டு. டைரக்ட் மூர்த்தி. வழியில் வண்டி படுத்துவிட்டால், எந்த ஸ்விட்ச் கெட்டதோ அதை ஒதுக்கிவிட்டு, பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து நேராகக் கொடுத்துவிடுவார். ஃபேன் ஓடவில்லையா, டைரக்ட். ஹாரன் அடிக்கவில்லையா, டைரக்ட். ஆனைமலை அடிவாரத்தில் மழையில் மாட்டிக்கொண்ட எத்தனையோ குடும்பங்கள் அந்த ஒயரால்தான் வீடு போய்ச் சேர்ந்தன. பட்டப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் மனிதருக்கு நெஞ்சு நிமிரும்.

நாகமணியின் கொட்டகையில் ஒரு வழக்கம். வேலை முடிந்த வண்டியின் சாவியை, வேலை பார்த்தவரே சொந்தக்காரரின் உள்ளங்கையில் வைக்க வேண்டும். வைக்கும்போது, "நான் பாத்த வண்டிங்க, போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு நல்லது கெட்டது எது நடந்தாலும் அவர்தான் பொறுப்பு. போனும் அவருக்குத்தான் வரும்.

திருமூர்த்தி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு சாவியைக்கூட அவர் யார் கையிலும் வைத்ததில்லை. அவர் முடித்த வண்டியைக் குரு வாங்கி, தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, தானே கொடுப்பார். மற்ற இரண்டு மெக்கானிக்குகளும் கொடுத்தார்கள். இவருக்கு மட்டும் இல்லை.

அவருக்கு அது வலித்தது. வெளியில் காட்டவில்லை. ஆனால் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"அம்மணி, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்ணா."

"நான் எப்பங்க என் கையால ஒரு சாவி குடுக்கறது?"

குரு ஆணியில் தொங்கிய ஒரு சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"ஜெகதீசன் சாரோட வண்டி. சனிக்கிழமை எடுக்க வர்றாரு. ஞாயித்துக்கிழமை செட்டிபாளையம் ரேஸ் டிராக்குல ஓட்டறாரு. இத நீங்களே பாருங்க. நான் கிட்ட வரமாட்டேன்."

திருமூர்த்தி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று மதியம் அவர் இரண்டு முட்டைப் பரோட்டா சேர்த்துச் சாப்பிட்டதாகக் கேள்வி.

ஜெகதீசனுக்கு ஒரு நூல் மில் இருக்கிறது. அதைவிட அவருக்குப் பெரிது, அப்பா விட்டுப்போன முப்பது வருடத்துக் கார். இழுவை போதவில்லை என்பது அவருடைய குறை. வேகம் கூடக் கூட இஞ்சின் மூச்சுத் திணறுகிறது என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்தக் காலத்து வண்டிகளில் ஏர் ஃபில்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே ஓர் அலுமினியப் பெட்டி இருக்கும். பெட்டிக்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கதவு. இஞ்சின் காற்றை இழுக்கும்போது கதவு திறக்கும். எவ்வளவு திறந்தது என்று பார்த்து, அதற்கேற்ற பெட்ரோலைக் கம்ப்யூட்டர் விடும். அளப்பதெல்லாம் சரி. ஆனால் முழு வேகத்தில் போகும்போதும் அந்தக் கதவு வழியில் தொங்கிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டுதான் காற்று உள்ளே போக வேண்டும்.

இப்போது வருவது வேறு. அகலமான ஒரு குழாய், அதில் சூடான ஒரு மெல்லிய கம்பி. காற்று பட்டால் கம்பி குளிரும். குளிரக் குளிர அதைச் சூடாக வைத்திருக்க எவ்வளவு கரண்ட் வேண்டுமோ, அதுதான் காற்றின் கணக்கு. கதவும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை.

வியாழக்கிழமை திருமூர்த்தி பழைய பெட்டியைக் கழற்றினார். புதுக் குழாயை மாட்டினார். சாவியைத் திருகினார். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

மதியம் வரை தேடினார். கடைசியில் பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. டேங்கில் இருக்கும் பெட்ரோல் பம்ப் ஓடவில்லை. காலையில் ஓடிய பம்ப் இப்போது ஏன் ஓடவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்தார். ஒரே ஒரு நிமிடம்தான். பிறகு கை பழகின வேலையைச் செய்தது. சாவி ஸ்விட்சிலிருந்து பம்புக்கு ஓர் ஒயர் இழுத்தார். டைரக்ட்.

பம்ப் ஓடியது. இஞ்சின் தடுமாறினாலும் பிடித்தது. சுத்தமான வேலை. ஒயரின் மேல் குழாய் போட்டு, கிளிப் வைத்து, தெரியாத மாதிரி மறைத்தும் விட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க லேப்டாப். அந்த வண்டியின் கம்ப்யூட்டருக்குக் கதவு சொல்வது மட்டும்தான் புரியும். கம்பி சொல்வது புரியாது. நடுவில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, கம்பியின் கணக்கைக் கதவின் கணக்காக மாற்றிக் கொடுக்க வேண்டும். திருமூர்த்தி ஒற்றை விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தட்டினார். தப்பானதை அழித்தார். மறுபடி தட்டினார். எட்டு மாதத்துக்கு முன்னால் லேப்டாப்பை எந்தப் பக்கம் திறப்பது என்று கேட்டவர் அவர்.

சனிக்கிழமை காலை வண்டியை மேடையில் ஏற்றினார்கள். முந்தைய அளவு தொண்ணூற்றெட்டு. திருமூர்த்தி ஆக்சிலேட்டரை முழுசாக அமுக்கினார். கொட்டகையின் தகரமெல்லாம் அதிர்ந்தது. திரையில் கோடு ஏறிக்கொண்டே போய் நின்றது.

நூற்றொன்பது.

மற்ற மெக்கானிக்குகள் இருவரும் கை தட்டினார்கள். திருமூர்த்தி இறங்கி வந்து திரையைப் பார்த்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பதினொண்ணு!" என்று அவர் போட்ட சத்தம் எதிரே இருந்த பேக்கரி வரை கேட்டது. அந்தக் குரலில் இருந்த பெருமை நியாயமான பெருமை. யாரும் அவருக்குப் போட்டுக் கொடுத்த கோடு இல்லை அது.

குரு மேஜையில் சாப்பாட்டுக் கேரியரைப் பிரித்துக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டரை.

"நல்லா வந்திருக்குதுங்ணா."

"கதவ எடுத்துட்டேனுங்க அம்மணி. இஞ்சின் இப்பத்தான் மூச்சு விடுது."

"அந்தக் கதவு என்ன வேல செஞ்சுட்டிருந்துது?"

"காத்தத் தடுத்துட்டிருந்துது."

"அப்பறம்?"

"அளந்துட்டிருந்துது. அதத்தான் இப்பக் கம்பி செய்யுதே."

"அப்பறம்?"

"அவ்வளவுதானுங்க."

குரு கேரியரின் எவர்சில்வர் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். கம்ப்ரெஸரை நிறுத்தச் சொன்னார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். யாரோ போட்டிருந்த எஃப்.எம்.மையும் நிறுத்தினார்கள்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்ணா."

பண்ணினார். இஞ்சின் மெதுவாக ஓடியது. குரு ஃபில்டரைக் கழற்றினார். புதுக் குழாயின் வாய் திறந்து கிடந்தது. அதன்மேல் எவர்சில்வர் மூடியை வைத்து அமுக்கினார்.

மூச்சுக்கு வழியில்லாமல் இஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

"இப்ப என்ன கேக்குது?"

"ஒண்ணுங் கேக்கலீங்க. இஞ்சின் நின்னு போச்சு."

"நல்லாக் கேளுங்ணா."

திருமூர்த்தி கேட்டார். எல்லோரும் கேட்டார்கள். பின்சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய ஒரு ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. இஞ்சின் செத்துக் கிடந்தது. பெட்ரோல் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது.

குரு மூடியைக் கழுவி எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போய்விட்டார். தயிர்சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார்.

திருமூர்த்தி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சாவியைத் திருப்பினார். ரீங்காரம் நின்றது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப்போய், ஓரமாகப் போட்டிருந்த பழைய பெட்டியை எடுத்துக் கதவை விரலால் தள்ளினார். உள்ளே எளிதில் கண்ணில் படாத இரண்டு செப்புத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டின. விரலை எடுத்தார். கதவு மூடியது, தகடுகள் பிரிந்தன.

காற்று வந்தால் பம்ப் ஓடும். காற்று நின்றால் பம்ப் நிற்கும். வண்டி கவிழ்ந்து இஞ்சின் அடங்கினால், பெட்ரோலும் அந்த நொடியே அடங்கும். முப்பது வருடமாக அந்தக் கதவு இந்த வேலையையும் யாருக்கும் சொல்லாமல் பார்த்திருக்கிறது.

அவர் போட்ட ஒயருக்கு அது தெரியாது. சாவி திறந்திருக்கும் வரை அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். டிராக்கின் வளைவில் தலைகீழாகக் கிடக்கும் வண்டி, அறுந்துபோன ஒரு ரப்பர் குழாய், சூடான இஞ்சின், உள்ளே பெல்ட் போட்டபடி ஜெகதீசன். திருமூர்த்திக்கு எல்லாம் கண்முன்னால் வந்தது. அவருக்கு வந்தது சின்ன வெட்கம் இல்லை. இருபத்தெட்டு வருடம் இழுத்த ஒயர்களையெல்லாம் நினைத்துப் பார்த்து உடம்பு கூசியது.

அந்த நேரம் பார்த்து ஜெகதீசன் வந்துவிட்டார். நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னவர், ஆசை தாங்காமல் ஒரு மணிக்கே வந்து நின்றார். நண்பர் ஒருவர் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

மெக்கானிக்குகள் காட்டுவதற்கு முன்பே திரையில் இருந்த கோட்டைப் பார்த்துவிட்டார்.

"நூத்தி ஒம்பதா? நெசமாவா?"

"ஆமாங்க" என்றார் திருமூர்த்தி.

"அண்ணா, கையக் குடுங்க! பொள்ளாச்சில உங்களப் பத்திச் சொன்னாங்க, டைரக்ட் மூர்த்தி கை வெச்சா வண்டி நிக்காதுன்னு. அதையக் கேட்டுத்தான் இங்க கொண்டாந்தேன். நாளைக்கு என் ஃபிரண்ட்ஸு பூராம் வர்றாங்க. எல்லார்கிட்டயும் உங்க பேரத்தான் சொல்லப் போறேன்."

சொல்லிவிட்டு உள்ளங்கையை நீட்டினார்.

எட்டு மாதமாகத் திருமூர்த்தி காத்திருந்தது அந்த உள்ளங்கைக்காகத்தான். அவருடைய கை சட்டைப் பைக்குப் போனது. சாவி விரலில் பட்டது. குருவைத் திரும்பிப் பார்த்தார்.

குரு தயிர்சாதத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கொடுத்துவிடலாம். ஒயர் மறைவில் இருக்கிறது. நூறு வண்டியில் தொண்ணூற்றொன்பது வண்டி கவிழப்போவதில்லை. திங்கட்கிழமை கூப்பிட்டுச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். இப்படியெல்லாம் அவருக்குத் தோன்றியதா என்றால், தோன்றியது. அவரே என்னிடம் சொன்னார். தோன்றாத மாதிரி நடிக்கிற ஆள் இல்லை.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். அவர் கொடுத்திருந்தால் அந்த அம்மா வண்டியைப் போக விட்டிருப்பாரா? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்று குருவின் ஸ்கூட்டர் வழக்கமான இடத்தில் இல்லை. கேட்டுக்குக் குறுக்கே பூட்டி நிறுத்தப்பட்டிருந்தது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

திருமூர்த்தி வெறுங்கையை வெளியே எடுத்தார்.

"வண்டி இன்னைக்குக் குடுக்க முடியாதுங்க."

ஜெகதீசன் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்.

"நெசமாத்தானுங்க. நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன்."

"என்ன தப்பு? பதினொண்ணு ஏத்தியிருக்கீங்க!"

"ஏத்துனதும் நாந்தானுங்க, தப்புப் பண்ணுனதும் நாந்தானுங்க." சற்று முன் பதினொன்று என்று கத்திய அதே குரல். கொஞ்சமும் இறங்கவில்லை. "பம்புக்கு டைரக்ட் குடுத்துட்டேன். இஞ்சின் நின்னாலும் பெட்ரோல் நிக்காது. வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்களுக்கு ஆகும். இஞ்சின் சுத்துனா மட்டும் பம்ப் ஓடற மாதிரி ஒரு ரிலே வேணும். அது மெட்ராஸ்ல இருந்து வரோணும். திங்கக்கிழம சாயந்தரம் வாங்க."

"திங்கக்கிழமயா? ரேஸ் நாளைக்குங்ணா!"

"தெரியுமுங்க."

"அப்பப் பழைய பெட்டிய மாட்டிக் குடுங்க. அதுலயே ஓட்டிக்கறேன்."

"அதோட ப்ளக்க வெட்டிட்டேனுங்க. கணக்கும் பூரா மாத்தியாச்சு. அவசரத்துல மாட்டுனா அது இன்னொரு தப்பாப் போயிரும்."

ஜெகதீசனின் முகம் சிவந்தது.

"நான் பேரு குடுத்தாச்சு. எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. நாளைக்கு நான் அங்க போயி வெறுங்கைய வீசிட்டு நிக்கறதா? என் வண்டி, என் உசுரு, நான் பாத்துக்கறேன். சாவியக் குடுங்க."

"மாட்டேனுங்க."

"இருபத்தெட்டு வருசமா எல்லாத்துக்கும் டைரக்ட் குடுத்தவருதான நீங்க?"

"ஆமாங்க. அவிய எல்லார்த்துக்கும் போன் பண்ணி, அந்த ஒயர எடுக்கச் சொல்லோணும். உங்குளுது ஒண்ணாவது நான் போன் பண்ணாம முடியட்டும்."

திருமூர்த்தியின் கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. முதுகு நேராக இருந்தது. அந்த மனிதர் அப்படி நின்றதை நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொல்லித்தான் கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அவரை நினைத்துக் கர்வமாக இருந்தது, ஏதோ என் வீட்டு ஆள் மாதிரி.

ஜெகதீசன் பொறுமை இழந்து மேஜைப் பக்கம் திரும்பினார்.

"ஏனுங் மேடம், நீங்களாச்சும் சொல்லுங்க. கொட்டகை உங்குளுது. இவரு உங்ககிட்டக் கத்துக்க வந்தவருதான? நீங்க ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு, சரின்னா சாவிய வாங்கிக் குடுங்க. எப்பவும் அப்படித்தான செய்வீங்க?"

குரு கடைசிக் கவளத்தைச் சாப்பிட்டு முடித்தார். எழுந்துபோய்க் கையைக் கழுவினார். துண்டில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"திங்கக்கிழம அவருகிட்டயே வாங்கிக்குங்க. அவரு அனுப்பற வண்டிய இனி நான் ஓட்டிப் பாக்கறதில்லீங்க."